வண்டி வந்துவிடும்

ஒத்திகையன்று அம்மா பிரமாதமாக நடித்தாள். பறவைக் காய்ச்சல் வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று கோழிப்பண்ணையில் அதிகாரிகள் கூடியிருந்தார்கள். முட்டை அறையில் நோயாளியாகப் படுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. முட்டை பொறுக்கும் பெண்களில் யாருக்கு நன்றாக இரும வரும் என்று கேட்டார்கள். எல்லோரும் அம்மாவைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

"இந்த பெஞ்சுலயே படுங்கம்மா. என்ன ஆனாலும் நகரக் கூடாது, யாரையும் கிட்ட விடக் கூடாது. வண்டி வந்துடும்" என்றார் அதிகாரி.

வந்தது. ஆம்புலன்ஸ் கொட்டகைக்குப் பின்னால்தானே நின்றிருந்தது! அம்மா மூன்றாவது முறை இருமுவதற்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். கைதட்டல், போட்டோ. பிறகு ஒத்திகைக்குக் கொடுத்த கையுறைகளை எல்லோரிடமிருந்தும் கழற்றி வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். கண்துடைப்புக்கும் ஒரு அழகு வேண்டாமா?

நிஜமாகவே நோய் வந்தபோது பீரோ பூட்டியே கிடந்தது. கோழிகள் கொண்டை கறுத்துச் சாய்ந்தன. அம்மாவின் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் மகள். பண்ணையில் அவளுக்குப் பெயரே 'டிகிரி'தான். கால்நடைத் துறையில் தற்காலிக வேலை. பக்கத்துப் பண்ணைகளில் கோழிகளைக் கொன்று புதைக்கும் குழுவோடு அவளை அனுப்பியிருந்தார்கள்.

"நம்ம வரிப்பூனை செத்துப்போச்சுடி" என்றாள் அம்மா போனில். "செத்த கோழியத் தின்னுருக்கு. சுத்திச் சுத்தி வந்து என் மடியிலயே விழுந்துச்சு."

"கையால தொட்டியா?"

"பின்ன, காலாலயா தூக்குவாங்க?"

"அம்மா, லேசா காய்ச்சல் அடிச்சாலும் சொல்லணும். புரியுதா?"

"அட போடி. வந்தா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாதாக்கும்? உங்க ஆபீசரு எனக்குத்தான சொல்லிக் குடுத்தாரு."

மகள் சிரித்துவிட்டாள்.

அப்புறம் அம்மாவிடமிருந்து போன் வரவில்லை. பண்ணை மேஸ்திரிதான் கூப்பிட்டார். மகள் அடித்துப்பிடித்து ஓடினாள். முட்டை அறைக்கு வெளியே அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நேத்துலேருந்து உள்ளதாம்மா படுத்திருக்காங்க. தண்ணி கொண்டுபோனாக்கூட கிட்ட வராதங்குறாங்க. நான் வேற, என்னக்கா மறுபடியும் ஒத்திகையான்னு கிண்டல் பண்ணிட்டேன். இன்னிக்குக் காலையில பாத்தா பேச்சே சரியில்ல. ஒத்திகையன்னிக்கு சுவத்துல ஒட்டிட்டுப் போன நம்பருக்கு அடிச்சேன். யாருமே எடுக்கல."

எப்படி எடுப்பார்கள்? அது மகளின் அலுவலக நம்பர். ஒரு ஆள் விடாமல் எல்லோரும் கோழி புதைக்கப் போயிருந்தார்கள். கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்ததே அவள்தான்.

முட்டைத் தட்டுகளுக்கு நடுவே, ஒத்திகையில் படுத்த அதே பெஞ்சில், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு கிடந்தாள் அம்மா. மூச்சு இழுத்தது. நாலடி தள்ளி மேசைமேல் போன் இருந்தது.

"ஏம்மா எனக்கு ஒரு போன் பண்ணல?"

"நகரக் கூடாதுன்னாரே... கிட்ட வராத, உனக்கும் ஒட்டிக்கும். வண்டி வந்துடும்."

"வண்டி வராதும்மா!" என்று கத்தினாள் மகள். "எந்த நாயும் வராது!"

முட்டை லாரியில்தான் ஏற்றினார்கள். மேஸ்திரி ஓட்டினார். காலித் தட்டுகள் கடகடவென்று ஆடின. அம்மாவின் தலை மகள் மடியில் அனலாய்க் கொதித்தது. பாதி வழியில் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"இந்தத் தடவ வண்டி லேட்டுல்ல?"

"ஆமாம்மா."

"நான் சரியாத்தான செஞ்சேன்?"

"செஞ்சம்மா. நீ ஒருத்திதான் சரியா செஞ்ச."

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. பிறகும் கொஞ்ச தூரம் இருமிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது இருமல் நின்றிருந்தது.