பெரியாயி கேட்ட முடிவு

1

இந்தக் கதை எனக்குத் தம்பையாவிடமிருந்து கிடைத்தது. எழுத்தாளர் கனகரத்தினத்தின் பேராதனை நாட்களைப் பற்றிக் கட்டுரை கேட்டிருந்தார்கள். பல்கலைக்கழக விடுதியில் அவரோடு ஒரே அறையில் இருந்த தம்பையாவைத் தேடிப் பதுளைக்குப் போனேன். கட்டுரை வரவில்லை. இதுதான் வந்தது.

‘மகாவலிக் கரையில் மஞ்சள் வெயில் படிந்திருந்த...’

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

2

1959. கனகரத்தினம் யாழ்ப்பாணத்தார், தம்பையா மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவன். நண்பனை அதே பெயரில் ஒரு கதையில் வைத்து, வெள்ளத்தில் சாகடித்தார் கனகரத்தினம். கதை அவருக்குப் பெரும் பேர் வாங்கித் தந்தது. அது வந்த பத்திரிகை லயத்துக்கும் போனது. யாரோ உரக்க வாசிக்க, தம்பையாவின் தாய் பெரியாயி கேட்டாள். அந்த ஆளோடு இனி ஒரே அறையில் இருக்கக்கூடாது என்று மகனுக்குச் சொல்லியனுப்பினாள்.

(அவளைக் கோபக்காரியாக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவள் பயந்திருந்தாள். எழுதியது பலித்துவிட்டால்?)

தாயையும் விட முடியாமல் நண்பனையும் விட முடியாமல் தம்பையா தவித்தான். விடுமுறை வந்ததும் பெரியாயியைப் பார்க்கக் கனகரத்தினமும் அவனோடு கிளம்பினார். பதுளை வரை ரயில், பிறகு பஸ், பிறகு மழையில் நடை.

3

பெரியாயி ரொட்டியும் சம்பலும் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் கனகரத்தினமே தொடங்கினார்.

“அது கதைதானே அம்மா. தம்பையா சாகேல்லையே.”

“கதைன்னா எம் மவன் பேரு எதுக்குங்க?”

பெயரை மாற்றிவிடுவதாகச் சொன்னார். அவள் ஒப்பவில்லை. பேர் இருக்கட்டும், ஆளைப் பிழைக்க வைக்கவேண்டும் என்றாள். பிறகு சற்றுக் கூச்சத்தோடு சொன்னாள்:

“ஆனா அவனுக்காகத் தோட்டமே அழுவுற எடம் நல்லா இருக்குங்க. அத மட்டும் எடுத்துராதீங்க.”

4

மகன் சாகக்கூடாது; தோட்டம் அழவும் வேண்டும். கனகரத்தினம் லயத்து வாசலில் உட்கார்ந்து எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். பின்னேரம் வேலை விட்டு வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினார். புதிய முடிவில், ஊர் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கும்போது, எங்கோ கரையேறிய தம்பையா ஈர உடுப்போடு, பசியோடு வந்து நிற்கிறான். கேட்டு அழுதவர்கள் அழுதபடியே சிரித்தார்கள்.

பெரியாயி மட்டும் சிரிக்கவில்லை. “பசியோட வந்தவனுக்கு யாரு சோறு போட்டா? அத எழுதலியே.”

“நீங்கள்தான் அம்மா.”

“அப்ப எம் பேரயும் போடுங்க.”

போட்டார். விடுமுறை முடிந்து நண்பர்கள் இருவரும் அதே அறைக்குத் திரும்பினார்கள். பெரியாயி கட்டிக்கொடுத்த ரொட்டியில் பெரிய பங்கு கனகரத்தினத்துக்கு என்று தம்பையாவுக்கு இன்றும் குறை.

5

பின்னால் வந்த புத்தகத்தில் முதல் முடிவே அச்சானது. அதில் தம்பையா சாகிறான்; விமர்சகர்கள் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். மடுல்சீமையில் கேட்டால், அவன் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கதை முடிகிறது.

எது சரியென்று தீர்ப்பளிக்க ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். தம்பையா ஈரத்தோடு, பசியோடு வாசலில் நிற்கிறான். வாசகரே, நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.