வந்ததிலிருந்து ஏறிய கரண்ட் பில்

என் வீட்டுக்காரருக்கு மரவேலை. கையில் ரம்பம் இருந்தால் உலகத்தில் சரிசெய்ய முடியாதது எதுவுமே இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் என் தங்கச்சியையும் அவளுடைய கைக்குழந்தையையும் வீட்டைவிட்டுக் கிளப்பியது. சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இருந்தாலும் சொல்லியே தீருவேன்.

தங்கச்சியின் புருஷன் கப்பலில் வேலை பார்ப்பவர். வருவதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. அவள் குடியிருப்பது மொட்டைமாடியில் ஒற்றை அறை, மேலே தகரக் கூரை. வெயில் தொடங்கியதும் பிள்ளைக்குக் கழுத்து, முதுகு, தொடை இடுக்கு எல்லாம் வேர்க்குரு. குளிர்ந்த அறையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஏசி, படுக்கையறையில். "அவ உள்ள படுக்கட்டும், நாம ஹால்ல படுத்துக்கலாம்" என்று சொன்னதே இவர்தான். அதையும் மறைக்கக் கூடாது. நல்ல மனுஷன்தான், கரண்ட் பில் வரும்வரை.

அவள் வந்த வாரம்தான் இவர் அந்தப் பெட்டியைச் செய்தார். ஏசியின் வெளி யூனிட்டுக்கு நிழல் கொடுத்தால் கரண்ட் மிச்சமாகும் என்று வேலைக்குப் போன இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிழல்தானே? மேலே ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் போதாதா? எங்கள் ஆளுக்குப் போதாது. பால்கனியில் இருந்த யூனிட்டைச் சுற்றி நாலு பக்கமும் பலகை, மேலே மூடி, முன்னால் விரல் நுழையாத இடுக்குகள், கீல், கொண்டி, இரண்டு கோட் வார்னிஷ். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவருக்குக் கால் தரையில் படவில்லை.

அடுத்த பில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்தது. அவளிடம் இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து, "வந்ததுல இருந்து ஏறுது" என்றார். யார் வந்ததிலிருந்து? அதைச் சொல்ல மாட்டார். நம் பேச்சில் அந்த வசதி இருக்கிறதே, ஆளைச் சொல்லாமலே ஆளை அடிக்கலாம். சாப்பிடும்போது ஒரு தடவை, செருப்பை மாட்டும்போது ஒரு தடவை, "வந்ததுல இருந்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் காதில் விழாதது போலப் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

பிறகு சிக்கனம் ஆரம்பித்தது. கதவு இடுக்கில் பழைய துணியைச் சொருகினார். ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டார். வாரம் தவறாமல் ஃபில்டரைக் கழுவினார். இதெல்லாம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபத்தைந்தில் இருந்த ஏசியை இருபத்தொன்பதுக்கு ஏற்றிவிட்டு ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். எனக்கு லீவான ஒருநாள் அப்படியே வேலைக்குப் போய்விட்டார். நடுப்பகல், பிள்ளை வீறிட்டு அழுகிறது, ஏசியைப் போட வழியில்லை. போன் செய்தேன்.

"ரிமோட் எங்கங்க?"

"அடடா, பையிலயே வந்துடுச்சு. மறந்துட்டேன்."

மறந்தாராம். பில் தேதி மட்டும் மறக்காது.

இரண்டாவது பில் அதைவிட அதிகம். நான் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். அன்றைக்குக் கால் வலியோடு உள்ளே நுழைகிறேன், படுக்கையறைக் கதவு விரியத் திறந்து கிடக்கிறது, ஏசி ஓடுகிறது, தங்கச்சி அடுப்படியில் வெந்நீர் வைக்கிறாள். "கதவைச் சாத்துடி! நீ வந்ததுல இருந்து பில்லு எங்க போய் நிக்குது தெரியுமா?" என்று கத்திவிட்டேன். அலுப்பில் வந்தது. அதோடு மறந்தும் போனேன்.

மூன்றாம் நாள் அவள் பையைக் கட்டினாள். "இப்ப அங்க அவ்வளவு சூடு இல்லக்கா" என்றாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இவர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். இருக்கச் சொல்லவில்லை.

அவள் போன நாலாம் நாள் ஏசி நின்றுவிட்டது. மெக்கானிக் வந்தார். பால்கனிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது என்ன சார், அலமாரியா?"

"இல்லப்பா, வெளி யூனிட்டுக்கு நிழல். நானே அடிச்சது" என்றார் இவர் நெஞ்சை நிமிர்த்தி.

மெக்கானிக் கொண்டியை நீக்கினார். உள்ளேயிருந்து அனல் முகத்தில் அடித்தது. "நிழல் குடுக்கச் சொன்னா மூச்சை அடைச்சு வச்சிருக்கீங்களே. இது சூட்டை வெளிய தள்ளணும் சார். தள்ளின சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துக்கிட்டு இருந்திருக்கு. கரண்டு குடிக்காம என்ன பண்ணும்? எப்ப அடிச்சீங்க?"

இவர் குனிந்து கொண்டியைத் தடவினார். நான் சொன்னேன்: "என் தங்கச்சி வந்த வாரம்."

மெக்கானிக் ஏசியைச் சரிசெய்து ஓடவிட்டுப் போகிறவரைதான் பொறுத்தேன். "ரிமோட்டைப் பையில போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துனீங்களே, இந்தப் பொட்டிய ஒரு தடவை தொறந்து பாத்தீங்களா? பச்சப்புள்ளைய வெயில்ல அனுப்புனீங்களே!"

"சரி விடு. அடுத்த பில்லையும் பாத்துட்டு, நெசமாவே குறைஞ்சா கூப்பிடலாம்."

அடுத்த பில்! எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. சுத்தியலை எடுத்து அவர் கையில் திணித்தேன். "கழட்டுங்க. எல்லாப் பலகையும். இப்பவே."

பலகைகளை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு தங்கச்சி அறைக்குப் போனோம். உள்ளே கால் வைக்க முடியவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து பிள்ளையின் முதுகில் போட்டிருந்தாள். கழுத்தெல்லாம் ரத்தச் சிவப்பு. இவர் அதைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். மேற்கு ஜன்னலுக்கு வெளியே பலகைகளைச் சாய்வாக வைத்து அடிக்க ஆரம்பித்தார். முதல் நாளே அப்படி அடித்திருக்க வேண்டியது.

நான் தங்கச்சியிடம் பெட்டிக் கதையைச் சொன்னேன். "எல்லாம் அந்த மனுஷன் பண்ண கூத்து. அவரு பேசினத மனசுல வச்சுக்காத. கிளம்பு."

அவள் துணியை மறுபடி நனைத்தாள். "அத்தான் மேல எனக்குக் கோபமே இல்லக்கா. அவரு 'வந்ததுல இருந்து'ன்னுதான் சொன்னாரு. முன்னால 'நீ'யைச் சேர்த்தது நீதான்."

அலுப்பில் வந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். விழுங்கிக்கொண்டேன். இத்தனை நாள் அந்த மனுஷனைத் திட்டித் தீர்த்த அதே வாய்தான் அதையும் சொல்லியிருந்தது.

"ஆமாண்டி. நான்தான் சொன்னேன்" என்றேன். "தப்புதான். வா."

நனைத்த துணியைப் பிழிந்து பிள்ளையின் முதுகில் விரித்தாள். பிறகு எழுந்து பையை எடுத்தாள்.

"பிள்ளைக்காக வர்றேன்" என்றாள்.