ஞாயிற்றுக்கிழமை சிரித்தவன்

கேட்டுக்கு வெளியே அடுக்கியிருந்த டப்பாக்களில் பதினாறாவதைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, அதையும் வாளியில் கொட்டினார் பெரியவர். சோறு. அதற்கு முன்னால் திறந்தது கேக். அதற்கும் முன்னால் இன்னதென்று தெரியாத ஒரு பச்சைக் கூழ். ஒவ்வொரு மூடியிலும் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தது. அவர் எதையும் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளுக்கு ஒரு சீட்டே கால் மணி நேரம்.

"விடுங்களேன். விடிஞ்சதுலேர்ந்து வந்து வச்சிட்டுப் போறாங்க. அன்பா செஞ்சு கொண்டாந்தது," என்றாள் மனைவி.

"எவன் எதைக் கலந்திருக்கானோ."

"செத்தவருக்கு வச்சதுல எதைக் கலப்பாங்க?"

அவர் பதினேழாவதைத் திறந்தார்.

உள்ளே கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவருடைய தம்பி படுத்திருந்தான். வீட்டில் அவன் பெயர் சின்னவன். வெளியே அவன் பெரிய ஆள். சமையல்காரனாக இருந்து டி.வி.க்குப் போனவன். ஊர் ஊராகப் போய், முன்பின் தெரியாதவர்கள் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து, அவர்கள் ஆக்கியதை அவர்களோடு தின்று, கதை பேசிவிட்டு வருவான். அதற்குச் சம்பளம். பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அந்த நிகழ்ச்சி. செவ்வாய்க்கிழமை, படப்பிடிப்புக்குப் போன ஊரில், தங்கியிருந்த விடுதி அறையிலிருந்து அவனைப் பிணமாக எடுத்தார்கள். அவனே எடுத்துக்கொண்ட முடிவு என்று போலீஸ்காரர் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

பெரியவர் அந்தக் காகிதத்தை நம்பவில்லை.

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் அவர் முகத்தையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். பஸ் கண்டக்டர். தோளில் தோல்பை தொங்கியது. டியூட்டிக்குப் போகிற வழியில் இறங்கியிருப்பாள் போல.

"தள்ளும்மா. உனக்கு அவன் என்ன உறவு?"

"ஞாயித்துக்கிழமை உறவுங்க."

"அப்படி ஒரு உறவா? நான் கேள்விப்பட்டதில்ல."

"அவரு மொத வாய் வச்சிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாருங்க. அதுக்கப்புறந்தான் எங்க வீட்டுல தட்டையே எடுப்போம். எங்க அம்மா அவரை எங்களோட சேத்துத்தான் எண்ணுவாங்க."

பெரியவர் டப்பாவைக் கீழே வைத்தார்.

"போன ஞாயித்துக்கிழமை பாத்தியா?"

"பாத்தேங்க."

"சிரிச்சானா, இல்லியா?"

"நல்லா சிரிச்சாருங்க. கண்ணுல தண்ணி வர அளவுக்குச் சிரிச்சாரு."

"உள்ள வா," என்றார். கேட்டைத் திறந்துவிட்டார். "இதை நீ அங்க வந்து சொல்லணும்."

அவள் மிரண்டுபோய்ப் பின்னாலேயே வந்தாள். கூடத்தில் உறவுக்காரர்கள் எட்டுப் பேர் சுவரோரமாக நின்றிருந்தார்கள். வண்டி பத்து மணிக்கே வந்துவிட்டது. ஓட்டுநர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பெட்டியை எடுக்கப் பெரியவர் விடவில்லை.

"கேளுங்கப்பா. நான் ஒருத்தன் மட்டும் சொல்லல. இந்தப் பொண்ணும் பாத்திருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவ்வளவு சிரிப்பு சிரிச்சவன் செவ்வாக்கிழமை இப்படிப் பண்ணிப்பானா? எவனோ என்னமோ பண்ணிட்டு என் தம்பி தலையில கட்டுறான்."

"மாமா, போலீஸ் பாத்தாச்சு. டாக்டரும் பாத்தாச்சு," என்றான் மனைவியின் தம்பி. தையல்காரன். பதமாகப் பேசுகிறவன். "வண்டி நிக்குது. எடுத்துடலாம் மாமா."

"அவன்கூடவே போய்ப் படம் புடிக்கிறவன் வரட்டும். என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும். அதுக்கு முன்னாடி பெட்டி நகராது. நகத்தறவன் கையை முறிப்பேன்."

எழுபத்திரண்டு வயதில் யார் கையையும் அவரால் முறிக்க முடியாது. ஆனாலும் யாரும் பெட்டிப் பக்கம் போகவில்லை.

அவர் அப்படித்தான். லாரி எடை மேடையில் முப்பத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவர். மணலில் தண்ணீர் ஊற்றி எடையேற்றிக்கொண்டு வருவான் ஒருவன். பழைய இரும்புக்கு அடியில் பாறாங்கல் வைத்திருப்பான் இன்னொருவன். மேடையில் ஏறுவதற்கு முன்பே டயரைப் பார்த்துச் சொல்லிவிடுவார். டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. ரிட்டயர் ஆன பிறகும் பால்காரரிலிருந்து பல் டாக்டர் வரை எல்லோரையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்க்காமல் விடமாட்டார்.

தம்பியையும் அப்படித்தான் பார்த்துவந்தார், டி.வி.யில். நிகழ்ச்சியில் அவன் எதைத் தின்கிறான், எந்த ஊரில் இருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். முகத்தைப் பார்ப்பார். கழுத்தைப் பார்ப்பார். "ரெண்டு கிலோ ஏறியிருக்கான்," என்பார் மனைவியிடம். அல்லது "தூக்கம் பத்தல போல. ஆனா நல்லாத்தான் இருக்கான்," என்பார். அதோடு அந்த வாரத்து விசாரிப்பு முடிந்தது. கல்யாணம் செய்துகொள்ளாதவன். கேட்டால், சூட்கேஸைக் கட்டிக்கிட்டேன், அது எங்க கூப்பிட்டாலும் வரும் என்பான். அவனை விசாரிக்க வேறு ஆளும் கிடையாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை அவனே போன் செய்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லண்ணே. பேசலாம்னுதான்."

"டி.வி.லதான் வாராவாரம் பாக்கறேனே. நல்லாத்தானே இருக்கே. அப்புறம் என்னத்துக்குப் போனு?"

லைன் அறுந்துவிட்டதென்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று இரண்டு தடவை கத்தினார்.

"ஆமாண்ணே," என்றான் சின்னவன். "நல்லாத்தான் இருக்கேன்."

பதினொன்றே காலுக்குக் கேமராக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வழுக்கை. நான்கு நாளாக மாற்றாத சட்டை. பெட்டிக்கு எதிரே போய் நின்றவர், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு அக்குளிலும் செருகிக்கொண்டார். பெரியவர் அவரை அழச் சரியாக ஒரு நிமிஷம் விட்டார். பிறகு முழங்கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

"அவனுக்கு யாரு விரோதி?"

"யாருமில்லைங்கய்யா."

"பொய் சொல்லாதே. நான் பொய்யை டன் கணக்குல நிறுத்தவன்."

"சத்தியமா இல்லைங்கய்யா. அவரை யாருக்குப் புடிக்காது?"

"அப்ப இதுக்குப் பதில் சொல்லு. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் பன்னெண்டரை மணிக்கு, ஒரு கிழவி என்னமோ சொல்றா, இவன் நாற்காலியிலேர்ந்து சரியற அளவுக்குச் சிரிக்கிறான். நான் பாத்தேன். வாசல்ல நிக்கிற கண்டக்டர் பொண்ணு பாத்திருக்கு. ரெண்டு நாள்ல ஒரு மனுசன் எப்படிய்யா அங்கேர்ந்து இங்க வருவான்?"

கேமராக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். முதலில் கேள்வி புரியாதவர் போல. பிறகு புரிந்து, அதனால் பயந்தவர் போல.

"ஐயா, அது போன ஞாயித்துக்கிழமை எடுத்ததில்லைங்களே."

"என்னது?"

"அது எடுத்து அஞ்சு மாசமாச்சு. அவரு ஸ்வெட்டர் போட்டிருப்பாரே, கவனிச்சீங்களா? அப்ப குளிர்காலம்."

கவனித்திருந்தார். இந்தப் புழுக்கத்தில் ஸ்வெட்டர் எதற்கு என்று மனைவி கேட்டபோது, மலை ஊரா இருக்கும், உனக்கென்ன தெரியும் என்று அவளை அடக்கியதே அவர்தான்.

"எடுத்து, வெட்டி ஒட்டி, மியூசிக் போட்டு, வெளிய வர அஞ்சாறு மாசம் ஆயிடுங்க. எப்பவுமே அப்படித்தான். எல்லாருக்கும் தெரியும்னுதான்..." கேமராக்காரர் முடிக்கவில்லை.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியவர் போய் அதை இறுக மூடினார். மூடிய பிறகும் பிடியை விடவில்லை.

பன்னிரண்டு வருஷம்.

"அப்ப அன்னைக்கு அவன் நெசமா எங்க இருந்தான்?" என்றார், சுவரைப் பார்த்தபடி.

"எங்ககூடதாங்க. ஷூட்டிங்."

"சிரிச்சானா?"

"ரெடின்னு சொன்னா சிரிப்பாரு."

"சொல்லாதப்ப?"

கேமராக்காரர் சட்டைப் பையிலிருந்த செல்போனை வெளியிலிருந்தே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"உங்கிட்ட இருக்குமே. நீ எல்லாத்தையும் புடிக்கிறவன்தானே. காட்டு."

"வேணாங்கய்யா."

"காட்டுய்யா."

கேமராக்காரர் தன் செல்போனை எடுத்தார். நிகழ்ச்சியில் வராத துண்டு அது. அந்த ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் சரி பார்ப்பதற்காக ஓடவிட்டது என்றார். சின்னவன் ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். எதிரே தட்டு. கேமரா ஓடுவது அவனுக்குத் தெரியாது. தட்டைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. யாரோ வந்து அவன் சட்டைக் காலரைச் சரி செய்தார்கள். சட்டையைக் கொடியில் போட்டுச் சரி செய்கிற மாதிரி இருந்தது. அவன் அசையவில்லை.

"என்ன சார் யோசனை?" என்றது படத்துக்கு வெளியே ஒரு குரல்.

"மணி பன்னெண்டு ஆயிடுச்சா?"

"இப்பதான் சார் ஆச்சு."

"எங்க அண்ணன் என்னைப் பாத்துக்கிட்டிருப்பாரு," என்றான் சின்னவன்.

அந்தக் குரலில் கேலி இல்லை. வருத்தம்கூட இல்லை. மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னான். "சார், ரெடி" என்று யாரோ கத்தினார்கள். கண், கன்னம், தோள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே ஏறின. ஊருக்கே தெரிந்த சிரிப்பு.

"நிறுத்து. அந்தச் சத்தத்துக்கு முன்னாடி கொண்டு போய் நிறுத்து."

கேமராக்காரர் நிறுத்திக் காட்டினார். பெரியவர் போனைக் கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. ஏழெட்டுக் கிலோ போயிருந்தது. கண்ணுக்குக் கீழே இரண்டு குழி. காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும்.

"உனக்குத் தெரிஞ்சுதா?"

"களைப்புன்னு நினைச்சேங்கய்யா. ஒரு மாசம் லீவு போடுங்க சார்னேன். போடறேன்னாரு. டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்னேன். அடுத்த வாரம் போலாம்னாரு." கேமராக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் இதுதாங்க."

பெரியவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். கேமராக்காரரை அடிக்கத்தான் அடுக்களைக்குள் கூட்டி வந்தார் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. தட்டு அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

"குடி. சட்டையை மாத்து. என் சட்டை ஒண்ணு தரச் சொல்றேன்."

வெளியே வந்தபோது எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். கண்டக்டர் பெண் இன்னும் அதே இடத்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் சொல்லணுங்களா?" என்றாள்.

"வேணாம்மா. நீ பாத்ததும் நான் பாத்ததும் ஒண்ணுதான். டியூட்டிக்கு நேரமாகல உனக்கு?"

தையல்காரன் பக்கத்தில் வந்தான். "மாமா?"

"தூக்குங்க," என்றார்.

"போலீஸ்ல எழுதிக் குடுக்கறதா சொன்னீங்களே..."

"தூக்குங்கடா. எவ்வளவு நேரமா படுத்திருக்கான்."

ஆறு பேர் தூக்கினார்கள். பெரியவர் கை கொடுக்கப் போனார். வயதைச் சொல்லி விலக்கினார்கள். மனைவி அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, என்ன நினைத்தாளோ, அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி ஒரு தடவை பார்த்தாள். நாற்பத்தாறு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல," என்றாள். கையை எடுக்கவில்லை.

பெட்டி முதலில் போனது. தெரு நிறைய ஆட்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், ஓட்டல் வெள்ளைக் கோட்டோடு சமையல்காரர்கள், கைக்குழந்தையோடு பெண்கள். சத்தமில்லாமல் வழிவிட்டார்கள். பெட்டி வண்டியில் ஏறும் வரை அழுகை மட்டும் கேட்டது.

பிறகு பெரியவர் கேட்டைத் தாண்டி வெயிலில் வந்து நின்றார். முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு சலசலப்பு எழுந்து தெருக்கோடி வரை போனது.

"அவரு அண்ணன்."

"அதே மூஞ்சி. ஐயோ, அதே மூஞ்சி பாரேன்."

"கண்ணைப் பாரு."

ஒரு கை போனை உயர்த்தியது. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியவில்லை. அவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டேதான் பிடித்தார்கள்.

"ஐயா, ஒரு தடவை இங்க பாருங்கய்யா," என்று யாரோ கெஞ்சினார்கள். "ஒரே ஒரு தடவை."

பெரியவர் அந்தப் பக்கம் திரும்பினார். திரும்பியபடியே நின்றார். எவ்வளவு நேரம் அப்படி நிற்க வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை.