தலையணையில் இறங்கிய கருப்பு

2019 தை மாதத்திலிருந்து, ஓய்வுபெற்ற சர்வேயர் இசக்கித்துரையின் இடது காது வழியாகத் தினமும் ஒரு சிட்டிகை கருப்புப் பொடி கொட்டியது. விடிந்து பார்த்தால் தலையணையில் கண்மை அப்பினாற்போல் கிடக்கும். அந்த மாதமே வலது கை நடுங்கத் தொடங்கியது, நடை சுருங்கியது, முகம் சுவர் மாதிரி ஆனது. மனைவி தேன்மொழி தலையணை உறையோடு அவரைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். நரம்பு டாக்டர் ஆச்சரியப்படவில்லை. மூளைக்குள், உடம்பையும் ஊக்கத்தையும் ஓட்டுகிற டோபமின் ஊறுகிற கருப்பு இடம் ஒன்று உண்டு, பார்க்கின்சன் வந்தால் அது கரையும், சிலருக்குப் போகப்போக நினைவும் கணக்கும் தடுமாறும் என்றார். மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்கச் சொல்லிவிட்டு, வெள்ளை உறை வாங்காதீர்கள் என்றார்.

பொடியின் குணம் கொழுந்தன் மகன் லிங்கேஷால் வெளியே தெரிந்தது. முப்பத்திரண்டு வயதில் வேலைவெட்டி இல்லாமல் போனோடு கட்டிலில் கிடந்தவன். பெரியப்பாவைத் தூக்கி உட்காரவைத்தபோது அவன் நெற்றியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மறுநாள் ஐந்து மணிக்கே குளித்தான். மத்தியானத்துக்குள் கவுன்சிலருக்கு நிற்கப்போவதாக ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டான். அதற்கப்புறம், சங்கரன்கோவிலில் இருந்த அவர்கள் வீட்டுப் பக்கமே எட்டிப்பார்க்காத சொந்தமெல்லாம் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து இறங்கியது. "அண்ணாச்சி எப்படி இருக்காவ?" என்று வாசலில் கண்ணைத் துடைத்து, உள்ளே போய்த் தலையணையைத் தடவி, காபிக்குக்கூட நிற்காமல் ஓடியது. கொண்டுபோனதை வைத்து ஒருத்தன் பக்கத்து வீட்டுக்குள் அரை அடி தள்ளிச் சுவர் கட்டினான். ஒருத்தி மருமகளோடு விட்டுப்போன சண்டையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் மீசைக்குச் சாயம் பூசி ரீல்ஸ் போட்டார். நாற்பது கிராமத்துச் சர்வே எண்ணும் மனப்பாடமாக இருந்த மூளையின் சத்து இப்படித்தான் செலவானது.  ஒருநாள் தேன்மொழி பொடியை வழித்து இசக்கித்துரையின் நெற்றியிலேயே பூசிப்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

நாலாம் வருடம் சட்டைப் பித்தான் எதற்கென்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆறாம் வருடம் ஒரு காலையில் அவளைப் பார்த்து, "யாரும்மா, மனு கொடுக்க வந்தியா?" என்றார்.

"ஆமா சார்" என்றாள் தேன்மொழி.

அந்த நேரம் பார்த்து லிங்கேஷ் வந்தான். "பெரியம்மை, இந்த ஒரு வாட்டி மட்டும். மறுபடியும் நிக்கப்போறேன்."

"அவிய மண்டையை வழிச்சுட்டுப் போயி இதுவரைக்கும் என்னத்தலே கிழிச்ச? நாப்பத்தேழு ஓட்டு!"

அவன் கை நீளுமுன் உறையை உருவி, பழைய உறைகளையும் அள்ளிக்கொண்டு தெருக்குழாயடிக்குப் போனாள். அவன் கண் முன்னாலேயே கசக்கிப் பிழிந்து, வாளித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். சாக்கடை ஒரு கணம் நின்றது. பிறகு திரும்பி, பிளாஸ்டிக் பை, முட்டை ஓடு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, மேட்டைப் பார்த்து மலைப்பக்கமாக ஏறத் தொடங்கியது.

"பாத்துக்கோ. இந்தச் சாக்கடைக்கு இருக்கிற ரோஷம் உங்க ஒருத்தனுக்கும் இல்ல."

கதவு நிலையைப் பிடித்தபடி வந்து நின்ற இசக்கித்துரை வெகுநேரம் பார்த்தார். "தண்ணி வாட்டம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

அதன் பிறகு தலையணையில் எதுவும் விழவில்லை, சொந்தக்காரர்களும் வரவில்லை. நகராட்சி ஆட்கள் இரண்டு தடவை வந்து மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, மேட்டுத் தெரு முனையில் தண்ணீர் தேங்காதபடி ஒரு சிமெண்ட் குழாய் பதித்துக் கொடுத்தார்கள்.