மதாம் றோல்ஸ்

"மூச்சைப் பிடிச்சுக்கொண்டு மெல்ல இறக்கு. கையை அமத்தாதை."

"நான் அமத்தேல்லை. இதுதான் நடுங்குது."

"அது நடுங்கேல்லை. உன்ர கைதான் நடுங்குது."

சுகந்தி சுழலும் இசைத்தட்டுக்கு மேலே ஊசியைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். கல்யாணம் முடித்து இருபத்தாறு வருடத்தில் அந்த ஊசியைத் தொட அவளுக்கு இன்றைக்குத்தான் அனுமதி கிடைத்திருந்தது. தூசி தட்டப் போனாலே "அந்தப் பக்கம் போகாதை" என்று குரல் கொடுக்கும் தயாபரன், விரல்கள் சொன்னபடி கேட்காததால், சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு வாயால் ஊசியை இறக்கிக்கொண்டிருந்தார். தட்டு ஒருமுறை கரகரத்தது. பிறகு சாக்சபோன் தொடங்கியது.

"பாத்தியே, உனக்கும் வருது" என்றார்.

அவள் நிமிர்ந்து மூச்சு விட்டாள். சுவர் முழுக்க இசைத்தட்டுகள். சுவிஸில், ரெனானில் இந்த மூன்றறை வீட்டுக்கு வந்தபோது ஒரு தட்டுப் பலகையில் இருந்தவை, மகள் ஜெனனி வளர வளர அவளோடு சேர்ந்து வளர்ந்து கூரையைத் தொட்டுவிட்டன. சனிக்கிழமைகளில் லோசான் பழைய சாமான் சந்தைக்குப் போய்வரும்போதெல்லாம் புதிதாக வாங்கியதை உடுப்புத் தோய்க்கும் பையின் அடியில் ஒளித்துக் கொண்டுவருவார். ஊத்தை உடுப்பு எப்போதிருந்து சதுரமாக இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் குசினித் தொட்டியில் கோப்பைகளுக்குப் பதிலாக இசைத்தட்டுகளைக் கழுவுவார். ஒருமுறை அக்கோர்டியன் தட்டுக் குவியலுக்குள் இருந்து ஒரு நாதஸ்வரத் தட்டைக் கண்டுபிடித்துவிட்டு, பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் நடந்தே வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் போட்டுக் கேட்டார். கீழ்வீட்டுப் போர்த்துக்கேயப் பெண் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டு மேலே வந்தாள்.

ஞாயிறு காலை ஆஸ்பத்திரியில் இருந்து அவரை விட்டிருந்தார்கள். பின்னேரம் ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். இனி இப்படி ஒரு ஞாயிறு கிடைப்பது கஷ்டம் என்று டொக்டர் ஜெனனியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். ஜெனனி அதை நடைபாதையில் வைத்து அம்மாவுக்குச் சொன்னாள். இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனபோது தயாபரன் அவர்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கும் சொன்னவர்" என்றார். அதற்குப் பிறகு யாரும் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் அவர் கேட்டார். "இண்டைக்கு ரெண்டு மணிக்கு எங்கட ஆக்கள் சூரிச்காரரோட விளையாடுகினம். போவமோ?"

"என்னப்பா கதைக்கிறியள்? அத்தான் சோலோதுர்னில இருந்து வெளிக்கிட்டிட்டார். மச்சாள் சமைச்சுக் குடுத்து விட்டிருக்கிறாவாம்."

"அண்ணையையும் கிரவுண்டுக்கு வரச் சொல்லு."

"அவர் ஏசுவார்."

"ஏசட்டும். அங்க திறந்த வெளி. சத்தம் கலைஞ்சு போயிடும்."

ஜெனனி ஏற்கெனவே கார்த் திறப்பைக் கையில் எடுத்திருந்தாள்.

தயாபரனுக்குப் பேஸ்போலைக் காட்டிக் கொடுத்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவரோடு வேலை செய்த ஒரு டொமினிக்கன்காரன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனான். பிறகு அவன் ஸ்பெயினுக்குப் போய்விட்டான். தயாபரன் அந்த மைதானத்து வாங்கிலேயே இருந்துவிட்டார். வாவிக்கரையில் ஒரு புல்வெளி, கம்பி வேலி, இரண்டு மர வாங்கு. விளையாடுகிறவர்களை விடப் பார்க்கிறவர்கள் குறைவு. சுகந்தி ஒருநாளும் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அதோடு, மனுசனுக்கு என்று ஓர் இடம் இருக்கட்டுமே என்றும் நினைத்திருந்தாள். சனிக்கிழமை பின்னேரம் "பெடியளுக்குக் கொஞ்சம் றோல்ஸ் பொரிச்சுத் தாறியோ" என்று கேட்பார். ஏதோ தமிழ்ப் பெடியங்களாக்கும் என்று அவளும் மாத்தாளுக்குள் கறியை வைத்துச் சுருட்டிப் பொரித்துக் கொடுப்பாள்.

சக்கர நாற்காலி புல்லில் புதைந்து நின்றபோது, மைதானத்தில் இருந்து நாலைந்து பேர் ஓடிவந்து அதை அப்படியே தூக்கி வாங்குக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பந்து பிடிப்பவனுக்குரிய கவசம் போட்ட ஒரு நெட்டையன் தயாபரனின் தோளைத் தட்டிவிட்டு அவளைப் பார்த்தான். அவன் பெயர் லூக்கா, கிழமை நாட்களில் கடிதம் கொண்டுபோகிறவன் என்று பிறகு தெரிந்தது. அவன் கண் அகல விரிந்தது.

"மதாம் றோல்ஸ்?"

"ஓம், அவவேதான்" என்று தயாபரன் பிரெஞ்சில் சொன்னார்.

அவ்வளவுதான். "மதாம் றோல்ஸ்! மதாம் றோல்ஸ்!" என்று மைதானம் முழுக்கச் சத்தம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒவ்வொருவனாக வந்து கைகொடுத்தான். ஒருவன் வயிற்றைத் தடவிக் காட்டினான். சுகந்தி வெறுங்கையை விரித்து, "இண்டைக்குக் கொண்டு வரேல்லை" என்றாள், பிரெஞ்சா தமிழா என்று தெரியாமலே. உடனே யாரோ ஒருவன் பாணுக்குள் சுட்ட சேர்வலா சொசேஜ் ஒன்றை வைத்து, கடுகு பூசி அவள் கையில் திணித்தான்.

"இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லவேயில்லையே" என்றாள் அவள் கணவனிடம்.

"சொன்னால் நீ இன்னும் நல்லாச் செய்யோணுமெண்டு மினக்கெடுவாய். இதே காணும் எண்டு விட்டிட்டன்."

முதல் ஒரு மணித்தியாலம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் எறிந்தான், மற்றவன் வீசினான், எல்லாரும் நின்றார்கள். தயாபரன் அவள் காதுக்குக் கிட்டக் குனிந்து, மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தலையாட்டினாள்.

"உனக்கு நித்திரை வருது."

"இல்லை."

"வந்தால் கொள்ளு. முதல் கச்சேரியிலயும் அப்பிடித்தானே."

அப்போது அவள் இலங்கையில் இருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நிலவறைக்குள் ஜாஸ் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாட்டி அளவு உயரமான ஒரு வாத்தியத்தை ஒருவன் கட்டிப்பிடித்து மீட்டிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. கண் விழித்தபோது எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள். அவளும் எழும்பித் தட்டினாள். அதற்குப் பிறகு எத்தனையோ கச்சேரிகளுக்குப் போயும் அவள் உண்மையாகக் காத்திருப்பது இடைவேளைக்குத்தான். அந்த முதல் நாள் வீட்டுக்கு வரும் வழியில் கச்சேரி எப்படி என்று அவள் கேட்க, "தெரியாது. நான் நீ நித்திரை கொள்ளுறதையெல்லோ பாத்தனான்" என்று சொன்ன மனுசன் இவர்.

குலேந்திரன் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. தயாபரனுக்கு மூத்தவர் அவர் ஒருவர்தான். தம்பியை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவரும் அவரே. மடிப்புக் கலையாத காற்சட்டை, பளபளக்கும் சப்பாத்து, கையில் இடியப்பமும் சொதியும் அடங்கிய பெட்டி. தம்பியின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, சுகந்தியை வேலிப்பக்கம் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை இது? சாகக் கிடக்கிற மனுசனை வெயிலில வைச்சுப் பந்தடி காட்டுறீரோ? வீட்டில இருந்து நாலு தேவாரம் கேட்டால் என்ன?"

"தேவாரம் பிறகும் பாடலாம் அத்தான். அப்ப அவர் வேண்டாமெண்டு சொல்லமாட்டார்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு விளங்கியது. குலேந்திரன் அவளையே பார்த்தார். பிறகு போய்த் தம்பிக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்து, பெட்டியைத் திறந்து, இடியப்பத்தைச் சொதியில் நனைத்துச் சின்னதாகக் கிள்ளி ஊட்டினார். இரண்டு வாய்தான் இறங்கியது.

"இது எப்ப முடியும்?"

"தெரியாது அண்ணை. இதுக்கு நேரக் கணக்கு இல்லை. ஆக்கள் அவுட் ஆகோணும்."

"ஆகாட்டில்?"

"நடந்துகொண்டே இருக்கும்."

"விசர் விளையாட்டு" என்றார் குலேந்திரன். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. லூக்கா வந்து ஏதோ சொல்லிக் கைகொடுத்தபோது தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் நன்றி சொல்லிவிட்டுக் கையைக் கைலேஞ்சியில் துடைத்தார்.

ஒன்பதாம் சுற்று முடிந்தபோது இரு பக்கமும் சமமாக நின்றது. இன்னொரு சுற்று ஆடவேண்டும். இந்தக் கோடையில் நம்மவர்கள் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை என்று ஜெனனி பெரியப்பாவுக்குச் சொன்னாள். பிறகு கைத்தொலைபேசியைப் பார்த்தாள்.

"அம்மா, இப்ப வெளிக்கிட்டால்தான் ஆறுக்குப் போகலாம்."

தயாபரன் கால்மேல் போட்டிருந்த போர்வையின் ஓரத்தை விரலால் சுருட்டினார். அவர் முகம் மெழுகு மாதிரி இருந்தது. கண் மட்டும் மைதானத்தில் இருந்தது. சுகந்தி அவரையும் பார்த்தாள், மைதானத்தையும் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு அடிச்சு, பஸ் பிந்திப்போச்செண்டு சொல்லு."

"எங்களிட்டக் கார் இருக்கு அம்மா."

"அது அவைக்குத் தெரியுமோ?"

சூரிச்காரர் அந்தச் சுற்றில் ஒரு ஓட்டமும் எடுக்கவில்லை. நம்மவர்களின் முறை வந்தபோது, மூன்று மூலைகளிலும் ஒவ்வொரு ஆள் நின்றான். மட்டையோடு லூக்கா வந்தான். தயாபரன் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "இப்ப பார். எறியிறவன் நாலு தரம் பிழையா எறிஞ்சால், இவன் அடிக்காமலே முதல் மூலைக்கு நடந்து போகலாம். எல்லாரும் ஒவ்வொரு மூலை தள்ளுவினம். மூண்டாவதில நிக்கிறவன் இந்த அடிக்கிற இடத்துக்கு, வீடு எண்டு சொல்லுறது, வந்திடுவான். ஒரு ஓட்டம் காணும், வெண்டிடுவம். முடிஞ்சுது."

"அப்ப அவன் சும்மா நிண்டால் காணுமே?"

"நல்ல பந்து வந்தால்? மூண்டு நல்ல பந்தை விட்டால் அவன் அவுட்."

முதல் பந்து பிழை. அடுத்தது நல்லது, லூக்கா வீசித் தவறவிட்டான். பிறகு ஒரு பிழை, ஒரு நல்லது, இன்னொரு பிழை. இனி ஒரே பந்து, இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். லூக்கா பதற்றத்தில் மட்டையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். அவன் எது வந்தாலும் அடிக்கப்போகிறான் என்று சுகந்திக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை வளர்த்தவளுக்கு அது தெரியும்.

"அடியாதை!" என்று கத்தினாள். "லூக்கா, அடியாதை! அடியாதை!"

"அடியாதை!" என்றார் தயாபரன், எங்கிருந்தோ வந்த குரலில். ஜெனனியும் சேர்ந்துகொண்டாள். மூன்று பேரும் வாவிக்கரையில் தொண்டை கிழியக் கத்தினார்கள். குலேந்திரன் எழும்பி நின்று, "ஏன் அடிக்க வேண்டாமாம்? ஏன்?" என்று எல்லாரையும் கேட்டார்.

பந்து தாழ வந்து, நிலத்தில் பட்டுத் தூசி கிளப்பியது. லூக்கா மட்டையை அசைக்கவில்லை. ஒரு கணம் அவனே நம்பாமல் நின்றான். பிறகு மட்டையை எறிந்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முதல் மூலையை நோக்கி, ஊர்வலத்தில் போகிறவன் மாதிரி நடந்தான்.

"அவன் ஒண்டும் செய்யேல்லையே!" என்றாள் சுகந்தி.

தயாபரன் சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நோவோடு சிரித்தார். "அதுதான்... அதுதான் கெட்டித்தனம்."

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் அவருக்குக் குரல் இல்லை. தாதி ஏன் என்று கேட்டதற்குச் சுகந்தி பதில் சொல்ல வாய் திறந்தாள். அவளுக்கும் காற்றுத்தான் வந்தது. தயாபரன் கட்டிலில் கிடந்தபடி அவளைக் காட்டி, சத்தமில்லாமல் சிரித்தார். சைகையால் தேத்தண்ணி கேட்டார். இரண்டு கரண்டி பருக்கினாள். ஜன்னலுக்கு வெளியே மலை தெளிவாகத் தெரிந்தது. ஜெனனி கீழே போய்க் கோப்பி வாங்கிக்கொண்டு வருவதற்குள், இரண்டு மூச்சுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. பிறகு மூச்சு வரவில்லை. சுகந்தி அவருடைய கையைப் பிடித்தபடியே இருந்தாள். அவசரமாக யாரையும் கூப்பிட அவளுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கு முழுக்க அவள்தான் தொலைபேசி எடுத்தாள். கனடா, லண்டன், கொழும்பு, யாழ்ப்பாணம். அவள் கரகரத்த குரலைக் கேட்டதும் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் அழுகை வந்தது. "ஐயோ, அழுதழுது பிள்ளைக்குக் குரலே போயிட்டுது" என்றார்கள். அவள் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை தகன மண்டபத்தில் கிரியைகளைச் செய்தவர் குலேந்திரன். வேட்டி கட்டி, தோளில் சால்வையோடு, ஐயர் சொன்னதையெல்லாம் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தார். தேவாரம் பாடும்போது கடைசி வரிசையில், கழுவி மினுக்கிய விளையாட்டுச் சட்டையோடு ஒரு கூட்டம் எழும்பி நின்றது. எப்போது இருப்பது என்று தெரியாமல் கடைசிவரை நின்றார்கள். போகும்போது ஒவ்வொருவனும் அவளுக்குக் கைகொடுத்தான். இந்த முறை யாரும் சத்தமாகக் கூப்பிடவில்லை. ஒரு சின்னவன் மட்டும் மெல்ல, "மதாம் றோல்ஸ்" என்று சொல்லிவிட்டு வாய் கோணித் திரும்பிக்கொண்டான். அவள் அவன் கன்னத்தைத் தட்டினாள்.

எல்லாம் முடிந்து, சுகந்தி காருக்குள் ஏறி இருந்தாள். சொந்தக்காரர்களின் கார்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"பெரியப்பா எங்கே?" என்றாள் ஜெனனி.

சுகந்தி கண்ணாடியால் பார்த்தாள். தரிப்பிடத்தின் மறுகரையில், அணியின் பழைய வானுக்குப் பின்னால், குலேந்திரனும் லூக்காவும் நின்றார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. குலேந்திரனின் இடது கையில் ஒரு பெரிய தோல் கையுறை இருந்தது. அதைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். லூக்கா கொஞ்சம் விலகி நின்று, குழந்தைக்கு எறிவதுபோல் ஒரு பந்தை எறிந்தான். அது கையுறையில் பட்டு விலகி, ஐயரின் காருக்கு அடியில் உருண்டது. குலேந்திரன் வேட்டியை ஒதுக்கிக் குனிந்து, அதை எடுத்துத் திருப்பி எறிந்தார்.

அடுத்த பந்து கையுறைக்குள் விழுந்த சத்தம் காருக்குள்ளும் கேட்டது. அவர் கையுறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கூப்பிடட்டோ அம்மா?"

"வேண்டாம். நில்லு."

லூக்கா இன்னும் கொஞ்சம் பின்னால் போய் நின்று, எறியச் சொல்லிக் கையை உயர்த்தினான்.