சரியாக ஓடத் தொடங்கிய கடிகாரம்

1

விளக்கை அணைத்தது பல் டாக்டரா, அத்தானா என்று எனக்கு உறுதியாக நினைவில்லை. டாக்டர் என்றால் இது ஒரு திருட்டைப் பற்றிய கதை. அத்தான் என்றால் இது என்ன கதை என்று எனக்குத் தெரியாது. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நடந்தது போலத்தான் இருக்கின்றன. என் நினைவை நான் நம்பாமல் போனது அப்போதுதான்.

2

கடிகாரம் அத்தானின் அண்ணனுடையது. அவர் துறைமுகத்தில் முக்குளிப்பவர். கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவது, அதன் உந்து விசிறியில் சிக்கிய கயிற்றை அறுப்பது அவர் வேலை. தடித்த எஃகில் செய்த சுவிஸ் கடிகாரம். அதன் விளிம்பில் ஏதோ கப்பல் கீறிய தழும்பு ஒன்று. தினமும் கொஞ்சம் பிந்தி ஓடும். அண்ணன் காலையில் அதைத் திருத்திவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவாராம். அவர் இறந்தது கரையில், காய்ச்சலில்.

அத்தான், என் அக்காவின் கணவர், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். கடலின் ஆழத்தைத் தாங்கும் அந்தக் கடிகாரத்தைக் கை கழுவும்போது கழற்றி வைப்பார். பெரும்பாலும் அது அலமாரியில்தான் கிடந்தது.

(இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்த வகைக் கடிகாரங்களைச் சேர்ப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான். ஆபத்துக்கென்று செய்த பொருளை ஆபத்தே இல்லாத கைகள் ஆசைப்படுகின்றன. எனக்கும் ஆசை உண்டு.)

அத்தானின் நண்பரான பல் டாக்டரும் அப்படிச் சேர்ப்பவர். அவரிடம் அதே மாதிரிக் கடிகாரம் இருந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"என்னோடது குளியலறையக்கூட பாத்ததில்ல சார். உங்களோடதுலதான் ஒரு ஆளு இருக்காரு. மாத்திக்கலாமா?"

"அண்ணன்னு எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான் டாக்டர். வேற பேசுவோம்."

வேறு பேசினார்கள். ஆனால் அன்று டாக்டர் அந்தத் தழும்பைக் கிட்டத்தில் வைத்துப் பல கோணங்களில் படமெடுத்துக்கொண்டார்.

என் கடைவாய்ப் பல் ஒன்று அவர் செய்தது. பக்கத்துப் பல்லின் தேநீர்க் கறையையும் தேய்மானத்தையும் அதில் அப்படியே கொண்டுவந்திருந்தார். "புதுசுன்னு தெரிஞ்சா நான் தோத்தேன்னு அர்த்தம்" என்றார். அப்போது அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

3

பழைய கடிகாரங்களைச் சோதிக்க, சேர்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முகப்பில் டார்ச் அடித்துவிட்டு இருட்டில் பார்ப்பார்கள். உண்மையிலேயே பழையது என்றால் முள்ளின் ஒளிரும் பூச்சு உடனே மங்கிவிடும். நின்று ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். டாக்டரின் எக்ஸ்ரே அறையில் சன்னல் இல்லை. ஒரு ஞாயிறு பகலில் மூவரும் அதற்குள் போனோம்.

"மூணு ஆம்பளைங்க ஒரு இருட்டு ரூம்ல. வெளிய அந்த நர்சம்மா என்ன நினைக்கும்?" என்றார் அத்தான்.

"எவனுக்கோ பல்லு போச்சுன்னு நினைக்கும்."

"உங்களோடதையும் எடுங்க டாக்டர், சேத்துப் பாத்துருவோம்."

"அது வீட்ல பூட்டிக் கெடக்கு."

தட்டில் அத்தானின் கடிகாரம் மட்டும். டார்ச். பிறகு விளக்கு அணைந்தது. முள் உடனே மங்கியது. அந்த இருட்டில் டாக்டர் தன் கோட்டுப் பையிலிருந்து

(இல்லை. நான் பார்க்கவில்லை. தட்டில் எஃகு உரசும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.)

4

மறுநாளிலிருந்து கடிகாரம் பிந்தவில்லை. அத்தான் அதைத் தினமும் கட்டத் தொடங்கினார்.

"என்னன்னே தெரியல மச்சான், சரியா ஓடுது."

"எப்படி அத்தான், திடீர்னு?"

"படுக்க வச்சா ஒரு ஓட்டம், கையில கட்டுனா ஒரு ஓட்டம்னு டாக்டர் சொல்றாரு."

அது உண்மையும்கூட. என் சந்தேகத்துக்கு எதிராக எழுதவேண்டிய ஒரே வாக்கியம் அது. எழுதிவிட்டேன்.

எதிர்ப்பக்கம் இது: டாக்டரின் கீறலில்லாத கடிகாரத்தை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. கேட்டால், லாக்கரில் இருக்கிறது என்பார்.

இதுவரை எழுதியதை அக்காவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"நீ பாத்தியாடா?"

"இல்ல."

"அப்புறம்?"

"தோணுது."

"உனக்குத் தோணாதது எது? எங்க கல்யாணத்துலயே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கூட்டம் கம்மியா இருக்கு, ஏதோ இருக்குன்னு சொன்னவன் நீ." தாளை மடித்துத் தந்தாள். "அண்ணன் போனதுக்கப்புறம் அவர் சிரிச்சுப் பேசற ஒரே ஆளு அந்த டாக்டர்தான். சொல்றதுன்னா, அந்தக் கடிகாரம், அந்த ஆளு, ரெண்டையும் அவர்கிட்டருந்து புடுங்கறேன்னு தெரிஞ்சு சொல்லு."

5

முடிவு அ: சொல்கிறேன். டாக்டர் லாக்கரைத் திறந்து கீறலில்லாத கடிகாரத்தைக் காட்டுகிறார். அத்தான் அதன்பின் என்னிடம் பேசுவதில்லை.

முடிவு ஆ: சொல்கிறேன். லாக்கர் காலி. அத்தான் அதன்பின் யாரிடமும் பேசுவதில்லை.

முடிவு இ: இருட்டில் அத்தானே

இதை முடிக்க என்னால் ஆகவில்லை. உங்களுக்குக் கை வந்தால் முடித்துக்கொள்ளுங்கள்.

6

நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் மருத்துவமனையை விற்றுவிட்டு மகளோடு வேறு ஊருக்குப் போனார். போகுமுன் தன் கடிகாரங்கள் எல்லாவற்றையும் விற்றார், ஒன்றைத் தவிர. அது எது என்று அத்தான் கேட்கவில்லை. வாரம் ஒருமுறை இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். என் பல் உறுதியாக இருக்கிறது. அக்கா இந்தக் கதையை மறுபடி படிக்கவில்லை. அத்தான் இப்போது அந்தக் கடிகாரத்தோடுதான் பாத்திரம் கழுவுகிறார். அது இன்றும் சரியாக ஓடுகிறது. தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புமுன், அவர் அதன் முள்ளை, முன்பு அது பிந்திய அளவுக்கு, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்.