டாஸ்கோ பிடியை விட்ட சனிக்கிழமை

எம்டன் நகரத்திலிருந்து வந்திருந்த ஆளைப் பார்த்தால் எம்டன் மாதிரியே இல்லை. சாதுவான முகம், சின்னத் தொப்பை, கையில் கடுகு வழியும் சாசேஜ் ரொட்டி. ஆனால் அவருடைய வேனின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு நாய்ப் பெட்டி காலியாக இருந்தது. அதைப் பார்க்கவே கூடாது என்று நினைத்து நினைத்தே வீப்கே காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி அவளுடைய நாய் டாஸ்கோவுக்காக வந்தது. இன்று நாய்ப் பயிற்சிச் சங்கத்தின் இலையுதிர்காலத் தேர்வு. முன்பின் தெரியாத ஒருவர் கையில் மாட்டியிருக்கும் கனத்த கவசத்தை டாஸ்கோ பாய்ந்து கவ்வ வேண்டும். வீப்கே "விடு" என்றதும் விட வேண்டும். விட்டால் வீட்டுக்கு வரலாம். விடாவிட்டால் இந்த வேனில் ஏறி, எம்டன் துறைமுகக் கிடங்குகளுக்குக் காவல் நாயாகப் போக வேண்டும். பிப்ரவரியில் அவளும் அவள் கணவன் ஒன்னோவும் சமையலறையில் உட்கார்ந்து இப்படித்தான் முடிவு செய்திருந்தார்கள்.

ஒன்னோவைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர் தீவுக்குப் போகும் படகில் இயந்திரம் பார்ப்பவர். எதற்கும் சட்டென்று பதறுகிறவர் இல்லை. ஆனால் பிப்ரவரியில் ஒரு பயிற்சியின்போது டாஸ்கோ வீப்கேயின் இடது கையைக் கடித்துவிட்டது. ஒன்பது தையல். மருத்துவமனைக்கு ஓட்டிப் போனவர் அவர்தான். கார் இருக்கையில் படிந்த ரத்தத்தைத் தேய்த்துக் கழுவியதும் அவர்தான். அன்றிலிருந்து அவர் டாஸ்கோவைத் தொடவில்லை. கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, சாப்பாட்டுத் தட்டைக் காலால் தள்ளிவிடுவார்.

நாய் மேல் தப்பா? வீப்கேயைக் கேட்டால் இல்லை என்பாள். அப்போது பயிற்சிப் பொறுப்பு ஹின்ரிக்கிடம் இருந்தது. முப்பது வருடமாக ஒரே முறையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த மனுஷன். "எஜமான் யாருன்னு அதுக்குத் தெரியணும்" என்பது அவருடைய வேதம். "விடு" என்று கத்த வேண்டும், அதே நொடியில் நாயின் கழுத்தில் குத்தும் முள்பட்டையைச் சுண்டி இழுக்க வேண்டும். விடவில்லையா, இன்னும் பலமாக இழுக்க வேண்டும். வீப்கேயும் மாதக்கணக்கில் அப்படியே செய்தாள். அவள் அருகில் வந்தாலே கழுத்தில் வலி வரும் என்று டாஸ்கோ புரிந்துகொண்டது. அதனால் அவள் வரவர அது இன்னும் இறுக்கிக் கவ்வியது. ஒருநாள் பட்டையைப் பிடிக்கப் போன கையையே கவ்வியது. நாலு கால் பிராணியிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? எனக்குக் கோபமெல்லாம் ஹின்ரிக் மேல்தான்.

ட்யார்க் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. முப்பது வயது, பால் வண்டி ஓட்டுகிறவன், சங்கத்தில் கவசம் மாட்டிக் கடி வாங்குவது அவன் வேலை. சங்கத்தில் எல்லாரும் எல்லாருக்கும் நீ, வா, போதான். ஐம்பத்துமூன்று வயது வீப்கேயும் அவனுக்கு நீதான். கட்டுப்போட்ட கையோடு அவள் தேநீர் ஊற்ற, அவன் அவள் வீட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டான்.

"ஏன் தாயே, எங்க வீட்டுக்கு நீ வந்தா எத்தனை கப் குடிப்ப?"

"மூணு. அதுக்குக் கம்மியாக் குடிச்சா உங்கம்மா விடுவாங்களா?"

"சரி. மூணு வரும்னு தெரிஞ்சிருக்கப்ப, முதல் கப்பை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு உறுமுவியா?"

"பைத்தியமா உனக்கு?"

"உன் நாய் அதைத்தான் செய்யுது. ஒரு தடவை விட்டா அவ்வளவுதான், ஆட்டம் முடிஞ்சது, கழுத்துல வலின்னு அதுக்கு நீதான் சொல்லிக் குடுத்திருக்க. அப்புறம் எவன் விடுவான்? நானா இருந்தா உன்னையும் சேர்த்துக் கடிச்சிருப்பேன்."

வீப்கேக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முள்பட்டை அன்றே குப்பைக்குப் போனது. ஏப்ரல் முழுக்கக் கவசமே இல்லை. ஒரே மாதிரி இரண்டு சாக்குத் துண்டுகள்தான். டாஸ்கோ ஒன்றைக் கவ்வி இழுக்கும். வீப்கே கையை அசைக்காமல் மரம் மாதிரி நிற்பாள். இழுபறி இல்லாத சாக்கில் என்ன சுவை இருக்கிறது? சலித்துப்போய் வாயைத் திறக்கும். திறந்த அந்த நொடியே மற்றது அதன் வாய்க்கு வந்துவிடும். விட்டால் திரும்பக் கிடைக்கும். இந்த ஒரு விஷயத்தை அது நம்புவதற்கு ஏழு வாரம் ஆனது. பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்த்தார்கள். பிறகு ட்யார்க்கின் கையில் கவசம் வந்தது. வீப்கே பத்தடி தள்ளி நின்று சொல்லுவாள், டாஸ்கோ விடும், ட்யார்க் உடனே மறுபடி கடிக்கக் கொடுப்பான்.

ஜூலையில் திடீரென்று பழைய கதை திரும்பியது. டாஸ்கோ விட மறுத்தது. ட்யார்க் தன் போனில் படம் எடுத்துக் காட்டினான்.

"இங்க பாரு. நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே உன் தோள் ஏறுது. ஒரு கால் முன்னால வருது. நாய் அதைப் பாத்துட்டு, 'ஐயோ, வர்றா'ன்னு கவ்வுது."

"எனக்கே தெரியல ட்யார்க்."

"பஸ்ஸில எப்படி பிரேக் போடற? நிக்கிற பயணிங்க விழாம?"

"மூச்சை விட்டுட்டு, மெதுவா."

"அதையே இங்கயும் பண்ணு."

இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது தெரியும். சுலபமாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். உடம்பில் ஊறிய பழக்கம் லேசில் போகிறதா? ஆனாலும் செப்டம்பரில் பத்துக்கு ஒன்பது முறை டாஸ்கோ ஒரே சொல்லில் விட்டது. பத்தாவது முறைதான் அவளுடைய தூக்கத்தைக் கெடுத்தது.

இப்போது மைதானத்தில் அவள் முறை வந்தது. தூறல். கடலோர அணைக்கரைக்கு அப்பாலிருந்து காற்று. நடுவர் வெளியூர்க்காரர், கவசம் மாட்டியவரும் வெளியூர்க்காரர், வாட்டசாட்டமான ஆள். டாஸ்கோ மைதானத்தில் நட்டிருந்த மறைப்புகளைச் சுற்றித் தேடி, பின்னால் ஒளிந்திருந்தவரைக் கண்டுபிடித்தது, குரைத்தது, தப்பி ஓடியவரைப் பிடித்தது. "விடு" என்றாள், விட்டது. இரண்டாவது தாக்குதலிலும் விட்டது. வேலியோரம் நின்ற ட்யார்க் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கடைசி ஒன்று பாக்கி. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அந்த ஆள் கத்திக்கொண்டு ஓடி வந்தார். டாஸ்கோ விர்ரென்று பறந்து கவ்வியது. கூட்டம் "ஓ" என்றது. அந்த ஆள் அசையாமல் நின்றார். இனி அவள் சொல்ல வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து வேனின் கதவு காற்றில் டமாரென்று அடித்துக்கொண்டது.

"விடு!" என்று கத்தினாள். தன் குரல் கீச்சிட்டது அவளுக்கே கேட்டது. தோள் ஏறியது தெரிந்தது. கால் முன்னால் போனதும் தெரிந்தது. டாஸ்கோவின் கண் ஒரு கணம் அவள் பக்கம் திரும்பியது. பிறகு அது கவசத்தை இன்னும் ஆழமாகக் கவ்வியது.

வேலியோரம் ஹின்ரிக்கின் குரல் கேட்டது. "உறுதியாச் சொல்லு! அதட்டு!"

"வாயை மூடு ஹின்ரிக்" என்றான் ட்யார்க், எல்லாருக்கும் கேட்கும்படி.

நடுவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். இரண்டாவது முறை சொல்லலாம் என்று அர்த்தம். மூன்றாவதும் உண்டு. அதற்குப் பிறகு வெளியே. டாஸ்கோ அவளுடைய அடுத்த அடியை எதிர்பார்த்து உடம்பை விறைத்துக்கொண்டு நின்றது. அது திமிர் பிடித்து நிற்கவில்லை, பயந்துபோய் நிற்கிறது என்று அவளுக்கு அப்போது பட்டது. ஐயோ பாவம் என்று நினைத்தாள். முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். தோளை இறக்கினாள். முழு மூச்சையும் வெளியே விட்டாள். சாப்பாட்டு மேசையில் உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்வதுபோல் சொன்னாள்.

"விடு, டாஸ்கோ."

ஒன்று. இரண்டு.

வாய் திறந்தது. டாஸ்கோ கவசத்தை விட்டு ஓரடி பின்வாங்கி, அந்த ஆளின் எதிரே உட்கார்ந்து, அவரையே பார்த்தது. வால் மட்டும் ஈரப் புல்லில் இரண்டு தட்டு தட்டியது.

அந்த ஆளை நடுவரிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியது, கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டியது எதுவும் வீப்கேக்குச் சரியாக நினைவில்லை. ஒலிபெருக்கியில் நடுவர் தன் மதிப்பீட்டைச் சொன்னபோதுதான் காது திறந்தது.

"கடைசித் தாக்குதல்ல முதல் தடவை சொன்னப்ப நாய் விடல. அதுக்கு மதிப்பெண் போச்சு. நீங்க காலை நகர்த்தினீங்க, அதுக்கும் போச்சு. ரெண்டாவது தடவை நீங்க சொன்னது எனக்கே காதுல விழல. நாய்க்கு விழுந்துடுச்சு. நூத்துக்கு எழுபது போதும், எழுபத்துநாலு வாங்கியிருக்கீங்க. தேர்ச்சி."

எழுபத்துநாலு ஒன்றும் மார்தட்டிக்கொள்கிற எண் இல்லை. வீப்கே அதைக் கேட்டு நடுமைதானத்தில் நின்று ஓவென்று அழுதாள். எட்டு மாதத்து அழுகை, அடக்க முடியவில்லை. நடுவர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் ட்யார்க் அவளைத் தூக்காத குறையாக அணைத்துக்கொண்டான். "எழுபத்துநாலாம்! கேவலமா இருக்கு, போ! பார்ட்டி எப்ப?" என்றான். எம்டன்காரர் சாசேஜை முடித்துவிட்டு விரலைத் துடைத்தார்.

"அப்ப எனக்கு வேலையில்ல" என்றார். "நல்லதாப் போச்சும்மா. இவனை அங்க கட்டிப் போடறதுக்கு எனக்கே மனசில்ல." வேனின் கதவை அவர் சாத்தினார். ஒரு வழியாக அந்தப் பெட்டி கண்ணிலிருந்து மறைந்தது.

ட்யார்க் தன் பழைய கவசத்தை டாஸ்கோவிடம் தூக்கிப் போட்டான். அது உன் சம்பளம் என்று அர்த்தம். டாஸ்கோ அதை வாயில் தூக்கிக்கொண்டு, வெற்றி பெற்ற பெருமையில், கயிறு நீண்ட தூரம் வரை கூட்டத்துக்குள் உலா வந்தது. ஒன்னோ வேலிக் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். முகத்தில் மழையா, வேறா என்று தெரியவில்லை.

டாஸ்கோ அவர் முன்னால் போய் நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கயிற்றைச் சுருக்குவதா, சும்மா இருப்பதா என்று வீப்கே திண்டாடினாள். டாஸ்கோ கவசத்தை அவருடைய செருப்புமேல் பொத்தென்று போட்டுவிட்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்து காத்திருந்தது.

"என்ன வேணுமாம் இதுக்கு?" என்றார் ஒன்னோ.

"திருப்பிக் குடுப்பீங்களான்னு பாக்குது" என்றாள் வீப்கே.

ஒன்னோ மெல்லக் குனிந்தார். பிறகு எச்சில் ஊறிய அந்தக் கவசத்தை இரண்டு கையாலும் எடுத்து, டாஸ்கோவின் வாய்க்கு நேராக நீட்டினார்.